மரக்குடிசையும் மலர்ச் சிறுமியும்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். மிகப் பெரிய பொருள். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் நுணுக்கங்களையும், மாநிலந்தோறும் தேர்வாளர்களை அமர்த்தி அவர்கள் மூலம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் விளக்கத் தொடங்கினால் இங்கே பொழுது விடிந்துவிடும். இதனை ஏட்டிலே படிக்கும் உங்களுக்கோ ஞாயிறு கழிந்து திங்கள் பிறந்துவிடும். ஆகவே ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேட்பாளரை மக்களிடம் விற்பனை செய்த கதை அது. விற்பனை என்ற சொல்லை நானாக இட்டுக்கட்டவில்லை. அந்நாட்டார் தாமே வழங்கும் சொல்தான்.

விளம்பரங்களை வேடிக்கை பார்ப்பதற்காக உங்களை அழைத்துச் செல்லவில்லை. ஒவ்வொன்றையும் காணும்போது, இது நம் கண்முன் எதைக் காட்டுகிறது என்பதோடு நின்றுவிடாமல், இது காட்டப்பட்ட வேளையிலே எந்தக் கேள்வி கேட்கப்படாமற் போயிற்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1840 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். வானொலி இல்லை, திரைப்படம் இல்லை, தொலைக்காட்சியைக் கனவிலும் கண்டவர் இல்லை. 1837 இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் வங்கிகள் மூடப்பட்டு, வேலையிழந்தோர் தெருவில் நின்ற காலம். ஆட்சியிலிருந்தவர் ஜனநாயகக் கட்சியின் மார்ட்டின் வான் பியூரன். அவரை எதிர்க்க விக் கட்சியார் நிறுத்தியது வில்லியம் ஹென்றி ஹாரிசன் என்ற 67 வயது முன்னாள் படைத் தலைவரை. ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த பால்டிமோர் ஏடொன்று அவரை எள்ளி நகையாடியது: இந்தக் கிழவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஆண்டுக்கு 2,000 டாலர் ஓய்வூதியமும் கொடுத்துவிட்டால் போதும், தம் மரக்குடிசையிலே உட்கார்ந்து காலத்தைக் கழித்துவிடுவார் என்று! ஆப்பிள் பழச்சாற்றைப் புளிக்கவைத்துக் குடிக்கும் அந்த மது, அந்நாட்டுக் குடியானவனுக்கு நம் ஊர்க் கள்ளைப் போன்றது.

மாற்றார் வீசிய கல்லை எடுத்து மாளிகை கட்டினார்கள் விக் கட்சியார். ஆம், எங்கள் வேட்பாளர் மரக்குடிசைக்காரர்தான், ஏழைக் குடியானவனின் மதுவைக் குடிப்பவர்தான், வெள்ளித் தட்டிலே உண்ணும் வான் பியூரனுக்கு உங்கள் வயிற்றுப் பசி தெரியுமா என்று கேட்டார்கள். ஊர்வலந்தோறும் வண்டியின்மீது மரக்குடிசை; கூட்டந்தோறும் மதுப் பீப்பாய்; முழக்கங்களை எழுதிய மிகப் பெரிய உருண்டைகளை ஊருக்கு ஊர் உருட்டிச் சென்றார்கள். பாட்டு, கொடி, பதக்கம், கைக்குட்டை எல்லாவற்றிலும் குடிசைதான். வாக்குரிமை பெற்றிருந்தோரில் 100க்கு 80 பேர் வாக்களித்தனர். ஹாரிசன் 234 தேர்வாளர் வாக்குகளும் வான் பியூரன் 60 வாக்குகளும் பெற்றனர்.

மரக்குடிசைக்காரர் பிறந்த இடம் எது தெரியுமா? வர்ஜீனியாவிலே, அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பெரும் பண்ணையின் செங்கல் மாளிகை! தந்தையார், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். ஏழைக் குடியானவனாக அலங்கரிக்கப்பட்டது ஒரு சீமான் வீட்டுப் பிள்ளை.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் பலர். நான் அதற்குமேல் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். விக் கட்சியார் அந்தத் தேர்தலில் கொள்கை அறிக்கை என்று ஒன்றை வெளியிடவே இல்லை. வெளியிட்டால் கட்சிக்குள்ளேயே அடிதடி. தேசிய வங்கி வேண்டும் என்போர் ஒருபுறம், கூடாது என்போர் மறுபுறம். அறிக்கை இருக்கவேண்டிய இடத்திலே குடிசையை வைத்தார்கள். 1841 மார்ச்சு 4 ஆம் நாள் பதவியேற்ற ஹாரிசன், ஒரு மாதத்திலேயே, ஏப்ரல் 4 ஆம் நாள் இறந்துவிட்டார். துணைத் தலைவர் ஜான் டைலர் தலைவரானார். அவரோ வங்கிக்கு எதிரி! அவருடைய கட்சியே நிறைவேற்றி அனுப்பிய வங்கி மசோதாக்கள் இரண்டை அவரே தள்ளுபடி செய்தார். டேனியல் வெப்ஸ்டர் ஒருவரைத் தவிர அமைச்சர் அனைவரும் விலகினர். கட்சி டைலரை வெளியேற்றியது. குடிசைக்கு வாக்களித்த குடியானவன், வங்கி வேண்டும் என்று வாக்களித்தானா, வேண்டாம் என்று வாக்களித்தானா? அவனை யாரும் கேட்கவில்லை. ஆகவே அவன் பெயரால் இருதரப்பாரும் பேச முடிந்தது.

1896 இல் நடந்ததை விரைவாகச் சொல்லிக் கடக்கிறேன். குடியரசுக் கட்சியின் மெக்கின்லிக்காகத் தேர்தலை நடத்திய மார்க் ஹன்னா, பணக்காரத் தொழிலதிபர். வங்கிகளுக்கு மூலதனத்தில் இத்தனை பங்கு என்று வரி விதிப்பதுபோல நன்கொடை விதித்தார். 35 இலட்சம் டாலர் திரண்டது. எதிர்த்து நின்ற பிரையன் ரயிலேறி 18,000 மைல் அலைந்து தொண்டை வறளப் பேசினார். மெக்கின்லியோ ஒஹையோவில் தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவில்லை, மக்களை ரயிலிலே கொண்டுவந்து திண்ணைக்கு முன் நிறுத்தினார்கள். சர்வரோக நிவாரணி விற்பவனைப்போல ஹன்னா மெக்கின்லியை விளம்பரம் செய்துவிட்டார் என்று தியோடர் ரூஸ்வெல்ட் சொன்னதாகக் கூறுவர். ரூஸ்வெல்ட் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், அதே கட்சிக்காரர்.

இனி 1952. தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்கூடத்துக்கு வந்துவிட்டது. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தளபதி ஐசனோவர், இரண்டாவது உலகப் போரிலே ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை நடத்தியவர். அவரிடம் வந்தார் ராஸர் ரீவ்ஸ் என்ற விளம்பர நிபுணர், தலைவலி மாத்திரையையும் மிட்டாயையும் விற்றுக் கொடுத்துப் பேரெடுத்தவர். அரைமணி நேரச் சொற்பொழிவு வேண்டாம். 20 வினாடி போதும் என்றார். மக்கள் விரும்பிப் பார்க்கும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவிலே, அவர்கள் எழுந்து போவதற்குள் முடிந்துவிடவேண்டும்.

எப்படி எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நியூயார்க்கில் ஒரு படப்பிடிப்பு நிலையத்திலே ஒரே நாளில் தளபதியை உட்காரவைத்து, பெரிய எழுத்துகளில் எழுதிய அட்டைகளைக் காட்டி, 40 விடைகளைப் பேசச் செய்தார்கள். வினாக்கள்? வினாக்களைக் கேட்க ஆளே இல்லை அப்போது! பிறகு நியூயார்க் நகரின் பெரிய கலையரங்குக்கு வேடிக்கை பார்க்க வந்த வெளியூர் மக்களிலே, பார்த்தால் சாதாரணக் குடிமகன் என்று தோன்றும் முகங்களைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் கையில் வினாவை எழுதிக் கொடுத்துப் படம் பிடித்து, முன்னே ஒட்டினார்கள். விலைவாசி இப்படி ஏறுகிறதே என்று குடும்பப் பெண் ஒருத்தி கேட்கிறாள். என் மனைவியும் இதைத்தான் என்னிடம் சொல்கிறாள், மாறுதலுக்கு வேளை வந்துவிட்டது என்கிறார் தளபதி. அந்தப் பெண்ணை அவர் கண்டதுமில்லை, அவரை அந்தப் பெண் கண்டதுமில்லை. ஒரு பழைய போர்வீரன் இந்த நிலைக்கு வரவேண்டியதாயிற்றே என்று ஐசனோவரே படப்பிடிப்பின்போது வருந்தினாராம். அந்த மட்டிலே மனிதர்தான் என்று எனக்கு அவர்மீது சிறிது மதிப்பு உண்டு.

விடை முதலில், வினா பிறகு. எந்த ஊர்ப் பள்ளியிலும் இந்த முறையில் தேர்வு நடப்பதில்லை. விலையை எப்படிக் குறைப்பீர், எந்தச் செலவைக் குறைப்பீர் என்று அந்தப் பெண் இரண்டாவது வினா ஒன்றைக் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? இரண்டாவது வினாவுக்கு 20 வினாடியில் இடமில்லை.

எதிர்த்து நின்ற அட்லாய் ஸ்டீவன்சன் கற்றறிந்தவர். காலைச் சிற்றுண்டித் தானியத்தைப்போல உயர் பதவிக்கான வேட்பாளரை விற்பது ஜனநாயகத்துக்கு நேர்ந்த கடைசி இழிவு என்று 1956 இல் கட்சி மாநாட்டிலே முழங்கினார். ஆனால் அதே ஆண்டில் அவருடைய கட்சி செய்ததுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. 1952 இல் ஐசனோவர் பேசிய அதே விளம்பரத் துண்டுகளை மீண்டும் திரையிட்டு, தளபதியாரே, அன்று சொன்னதை இன்னொருமுறை சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டது! தேர்தலிலே தோற்றார்கள்; மறுக்கவில்லை. ஆயினும் விளம்பரத்தைப் பிடித்து நிறுத்தி அதனிடம் இரண்டாவது வினாவைக் கேட்டார்கள் அல்லவா?

அதே 1952 செப்டம்பர் 23 ஆம் நாள் இன்னொரு காட்சி. துணைத் தலைவர் வேட்பாளர் நிக்சனுக்கு, பணக்கார ஆதரவாளர்கள் திரட்டிக் கொடுத்த 18,000 டாலர் நிதி ஒன்று இருப்பது வெளியாகி, பெரும் கொந்தளிப்பு. நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி அரைமணி நேரம் பேசினார். தம் வீட்டுக் கடனைச் சொன்னார். மனைவிக்கு விலையுயர்ந்த மென்மயிர்க் கோட்டு இல்லை, துணிக்கோட்டுதான் என்றார். குழந்தைகளுக்கு அன்பளிப்பாக வந்த செக்கர்ஸ் என்ற நாயை மட்டும் யார் என்ன சொன்னாலும் திருப்பித் தரமாட்டோம் என்றார். ஆறு கோடிப் பேர் அளவில் பார்த்தனர், பலர் கண்ணீர் விட்டனர், தந்திகள் குவிந்தன, நிக்சன் பிழைத்தார். நாயைத் திருப்பித் தருமாறு எவருமே கேட்கவில்லை என்பது நினைவிருக்கட்டும். பணம் கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள் என்பதல்லவா கேள்வி!

1960 செப்டம்பர் 26 ஆம் நாள், சிகாகோ நகரில் அதே நிக்சனும் கென்னடியும் நேருக்கு நேர் வாதிட்டதை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். முழங்கால் நோயிலிருந்து எழுந்து வந்த நிக்சனின் வெளுத்த முகம், கென்னடியின் தெளிந்த தோற்றம், ஏழு கோடிப் பேர் பார்த்தது. அதைவிடச் சிறியதொரு நிகழ்ச்சி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நிக்சன் எடுத்துக் கொடுத்து நீங்கள் ஏற்றுக்கொண்ட பெரிய யோசனை ஒன்றைச் சொல்லுங்கள் என்று நிருபர் ஒருவர் ஐசனோவரைக் கேட்டார். ஒரு வாரம் கொடுத்தால் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவரலாம் என்றார் அவர்! எட்டாண்டு துணைத் தலைவராக இருந்தவரைப் பற்றி, தலைவரே சொன்னது. கென்னடி கட்சியார் அந்தப் படத்தை அப்படியே எடுத்து விளம்பரமாக்கினர். நடிகர் இல்லை, ஒட்டு வேலை இல்லை. இப்படியும் விளம்பரம் செய்யலாம்.

இப்போது 1964 செப்டம்பர் 7 ஆம் நாளுக்கு வாருங்கள். ஜனநாயகக் கட்சியின் ஜான்சன் ஆட்சியிலிருக்கிறார். எதிர்ப்பவர் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர். நேட்டோ படைத் தளபதிக்கே சிறு அணு ஆயுதங்களைப் பயன்படுத்தும் அதிகாரம் வேண்டும் என்று பேசி மக்களை மிரளச் செய்தவர். அன்றிரவு ஒரு திரைப்படத்துக்கு இடையே 60 வினாடி விளம்பரம். பச்சை வயலிலே ஒரு சின்னஞ்சிறு பெண், கையிலே ஒரு மலர். இதழ்களைக் கிள்ளி எண்ணுகிறாள். மழலை, எண் முன்பின்னாக வருகிறது. திடீரென்று ஆணின் குரல், பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறது. குழந்தை நிமிர்கிறது, படக்கருவி அவள் கண்ணை நெருங்கி நெருங்கி, கருவிழி திரை முழுவதும் நிறைந்து இருளாகும்போது, எண் சூன்யத்தைத் தொட, அணுகுண்டு வெடிக்கிறது! அன்பு செலுத்துவோம், இல்லையேல் அழிவோம் என்னும் பொருளில் ஜான்சனின் குரல். நவம்பர் 3 ஆம் நாள் அவருக்கு வாக்களியுங்கள் என்ற வேண்டுகோள். அவ்வளவுதான்.

கோல்ட்வாட்டரின் பெயர் அதிலே இல்லை. பணம் கொடுத்து ஒளிபரப்பியது ஒரே ஒரு முறை. மறுநாள் முதல் செய்தி நிகழ்ச்சிகளே அதை எடுத்துக் காட்டி, செலவில்லாமல் பரப்பிவிட்டன. டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனத்துக்காக அதன் ஒலியமைப்பில் பெரும் பங்கு கொண்ட டோனி ஷ்வார்ட்ஸ், பின்னர் ஒரு நூலிலே தம் தொழிலின் இரகசியத்தை வெளிப்படையாகவே விளக்கினார்: பார்ப்பவன் உள்ளத்திலே புதிதாக எதையும் புகுத்தத் தேவையில்லை, அங்கே ஏற்கெனவே உறங்கிக் கிடப்பதை மீட்டி எழுப்பினால் போதும். வீணையின் நரம்பு நம்முடையது; விரல் அவர்களுடையது.

கோல்ட்வாட்டருக்காக வாதாட நான் வரவில்லை. கறுப்பின மக்களின் குடியுரிமைச் சட்டத்தை அதே ஆண்டில் எதிர்த்து வாக்களித்தவர் அவர். வியட்நாமிலே ஜான்சனைவிடக் கடுமை காட்டவேண்டும் என்றவர். அவருக்கு அஞ்சிய மக்களின் அச்சம் பொய்யன்று. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மலர்ச் சிறுமி திரையில் தோன்றியது செப்டம்பர் 7. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டு 7 ஆம் நாள், வியட்நாமில் தாம் விரும்பியவாறு படையை ஏவ ஜான்சனுக்கு இசைவளிக்கும் டான்கின் வளைகுடாத் தீர்மானத்தை அமெரிக்க மன்றங்கள் நிறைவேற்றின. கீழ்மன்றத்தில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. மேல்மன்றத்தில் 88 பேர் ஆதரவு, எதிர்த்தவர் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் என்ற இருவர் மட்டுமே. அக்டோபர் 21 ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், ஆசிய இளைஞர்கள் தங்களுக்காகத் தாங்களே செய்துகொள்ள வேண்டியதைச் செய்ய, நம் பிள்ளைகளை ஒன்பதாயிரம், பத்தாயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பப் போவதில்லை என்றார் ஜான்சன். நவம்பரில் 100க்கு 61 வாக்கு வாங்கி, 44 மாநிலங்களை வென்றார். 1965 மார்ச்சு 8 ஆம் நாள் 3,500 கடற்படை வீரர்கள் டா நாங் கரையிலே இறங்கினர். 1968 முடிவில் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

அமெரிக்க வீரர் 58,000 பேருக்கு மேல் மாண்டனர். மாண்ட வியட்நாம் மக்களின் தொகையோ பல இலட்சம். அவர்களிலே மலர் பறிக்கும் வயதுச் சிறுமியர் எத்தனை பேர்! அணுகுண்டு போடமாட்டார் என்று நம்பி வாக்களித்தார்கள். அவர் அணுகுண்டு போடவில்லை, உண்மைதான். மற்ற குண்டுகளைப் பற்றி விளம்பரத்திலே ஒன்றும் சொல்லப்படவில்லை. சொல்ல முயன்ற மோர்ஸ், குரூனிங் இருவரும் 1968 இல் தங்கள் இடங்களை இழந்தனர்.

1984 இல் ரீகனுக்காக எடுத்த விளம்பரம் அழகானது, ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மீண்டும் விடிந்தது என்று மென்குரல் சொல்ல, வேலைக்குச் செல்வோர், திருமண வீடு, கொடியேற்றம். 49 மாநிலங்கள் அவருக்கு. அவர் பதவியேற்ற 1981 ஜனவரியில் வேலையற்றோர் 100க்கு 7.5 பேர்; இந்தத் தேர்தல் நடந்த மாதத்தில் 7.2 பேர். இடையில் 1982 இல் 10க்கு மேல் ஏறி இறங்கியதால், இறங்கியது மட்டும் விடியலாகத் தெரிந்தது.

1988 இல் நடந்ததைச் சொல்லும்போது எனக்குச் சினம் வருகிறது, மறைக்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் டுகாகிஸ், மாசசூசெட்ஸ் ஆளுநர். கோடையில் கருத்துக் கணிப்பொன்றில் புஷ்ஷைவிட 17 புள்ளி முன்னே இருந்தார். அம்மாநிலத்தில் சிறைக் கைதிகளுக்கு வார இறுதி விடுப்புக் கொடுக்கும் திட்டம் இருந்தது. கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்ற கறுப்பினக் கைதி ஒருவன் 1986 இல் விடுப்பில் சென்று திரும்பாமல், மறு ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டில் புகுந்து கொடுஞ்செயல் புரிந்தான். கொடுமை மெய், கொலைக் கைதிகளுக்கு விடுப்பைத் தடுக்கும் மசோதாவை 1976 இல் டுகாகிஸ் நிராகரித்ததும் மெய். ஆனால் அந்தத் திட்டத்தை 1972 இல் தொடங்கியவர் குடியரசுக் கட்சி ஆளுநர்! மைய அரசின் சிறைகளிலும், ரீகன் ஆட்சியிலேயே, விடுப்பு இருந்தது. இதையெல்லாம் சொல்லாமல், அந்தக் கறுப்பு முகத்தின் படத்தை மட்டும் திரை நிறையக் காட்டியது வெளிக்குழு ஒன்றின் விளம்பரம். எங்களுடையது அன்று என்றனர் புஷ் கட்சியார். பிறகு சிறைவாயிலில் சுழலும் கதவு வழியே கைதிகள் வெளியேறும் தங்கள் விளம்பரத்தைத் தாங்களே விட்டனர். வெள்ளையன் உள்ளத்திலே உறங்கிக் கிடந்த எந்த நரம்பை மீட்டினார்கள் என்பதை நான் விளக்க வேண்டுமா? டுகாகிஸ் நெடுநாள் விடை சொல்லவில்லை. புஷ் 40 மாநிலங்களில் வென்றார்.

அந்தத் தேர்தலை நடத்திய லீ அட்வாட்டர் மூளைக் கட்டியால் படுக்கையில் விழுந்தபோது, 1991 இல் ‘லைஃப்’ இதழிலே டுகாகிசிடம் மன்னிப்புக் கேட்டார். தாம் பேசியது அப்பட்டமான கொடுமை என்றார். மார்ச்சு மாதம் இறந்தார், 40 வயதிலே. அந்த வெளிக்குழுக்களுக்கோ வளர்ச்சிதான். நிறுவனங்கள் தங்கள் பணத்தைக் கொண்டு, வேட்பாளரோடு சேராமல் தனித்து, எவ்வளவு வேண்டுமாயினும் தேர்தலில் செலவிடலாம் என்று 2010 இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஹன்னாவுக்கு வங்கி வங்கியாக ஏறி இறங்கும் தொல்லை இருந்தது, பாவம்!

இதுவரை நான் சொன்ன விளம்பரங்கள் யாவும், நல்லவையோ கெட்டவையோ, ஊரறிய நடந்தவை. குடிசையை எல்லோரும் கண்டனர். மலர்ச் சிறுமியைக் கண்டு வெகுண்ட கோல்ட்வாட்டர் கட்சியார் உடனே எதிர்ப்புத் தெரிவிக்க முடிந்தது. 2016 இல் நிலை மாறிவிட்டது. பேஸ்புக் போன்ற வலைத்தளங்களில், இன்ன ஊரில், இன்ன வயதில், இன்ன விருப்பமுள்ளவருக்கு என்று தேர்ந்து விளம்பரம் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டானுக்கு அது தெரியாது, அவனுக்கு வந்தது வேறு. நாளொன்றுக்கு 50,000 முதல் 60,000 வரை சிறு சிறு வேறுபாடுகளோடு விளம்பரங்களைச் சோதித்ததாக டிரம்பின் வலைத்தளப் பிரசாரத்தை நடத்தியவரே பின்னர் தொலைக்காட்சியில் கூறினார். மறுப்புச் சொல்ல வேண்டிய மாற்றார் கண்ணில் அவற்றுள் எத்தனை பட்டிருக்கும்? கண்டனம் எழுந்த பிறகு, 2018 இல் அந்த நிறுவனம் அரசியல் விளம்பரங்களைப் பொதுவில் சேர்த்துவைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. யார் பணம் கொடுத்தார், ஏறத்தாழ எவ்வளவு கொடுத்தார் என்று தேடிப் பார்க்கலாம். நம் படிப்பகத்து மேசையில் இருக்கும் கணிப்பொறியிலேயே பார்க்கலாம். நான் சென்ற வாரம் இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் வந்து பாருங்கள். செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன், மாலை ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கும்.